செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடைக் கணக்கை மீட்பது: முழுமையான வழிகாட்டி

புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடை. தீபாவளிக்கு மூன்று கிழமை இருந்தது. பின்னேர இடியோடு கரண்ட் போய் வந்தது. அதன்பின் பில் போடும் கொம்பியூட்டர் எழும்பவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் கடைப் பொடியன் அதை ஐந்தாறு தரம் ஓஃப் பண்ணி ஒன் பண்ணியிருந்தான். விண்டோஸ் தன் பாட்டில் 'செக் டிஸ்க்' ஓடத் தொடங்கி, பாதியில் நின்று இழுத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அது தானாத் திருத்திக்கொண்டிருக்குது, குழப்பாதேங்கோ" என்றார் முதலாளி.

"திருத்தேல்லை அண்ணை, அழிச்சுக்கொண்டிருக்குது" என்று சொல்லிவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

மற்ற நாளில் அப்படிப் பிடுங்கக் கூடாதுதான். ஆனால் பழுதான டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓடினால், படிக்க முடியாத கோப்பின் பதிவுகளை அது வெட்டி எறியும், துண்டுகளை வேறொரு கோப்புறைக்குள் தள்ளும். அதன் அக்கறையெல்லாம் கோப்பு முறைமை ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதுதான். உங்கள் கடன் கணக்கு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த வேலையில் நோயாளிகள் இரண்டு பேர்: ஒன்று டிஸ்க், மற்றது அதற்குள் கடைக் கணக்கு இருக்கும் டேட்டாபேஸ். டிஸ்க்கை முதலில் முடிக்கவேண்டும். அதிலிருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றும்வரை டேட்டாபேஸைத் தொடவே கூடாது. நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை டிஸ்க் பழுதானதால் வந்தவை அல்ல, பழுதான பிறகு யாரோ அவசரப்பட்டதால் வந்தவை.

கீழே சொல்வது அந்தக் கடையில் செய்த ஒழுங்கு. அங்கே இருந்தது விண்டோஸில் ஸாம்ப் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு, அதற்குள் மரியாடிபி 10.4 என்ற டேட்டாபேஸ் சேர்வர். அதன் உறவான மைஎஸ்கியூஎல்லுக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். கட்டளைகளின் பெயரை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எழுத்துக்கூட்டலை அந்தந்தக் கருவியின் உதவிப் பக்கத்தில் சரிபாருங்கள்.

படி 1: காதைக் கொடுத்துக் கேளுங்கள்

டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கொம்பியூட்டரில் நேரடியாக சாட்டா வயரில் போட்டு ஒரேயொரு தரம் கரண்ட் கொடுங்கள். டிக், டிக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் உள்ளே தரவைப் படிக்கும் ஹெட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உடனே நிறுத்துங்கள். அதற்குமேல் சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் தரவு பதிந்த தட்டின் மேல்பூச்சைச் சுரண்டக்கூடும். அந்தக் கட்டத்தில் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. தூசியில்லாத அறையில் வைத்துத் திறக்கக்கூடியவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் ஏறி இறங்கி விசாரிப்பதென்றால் "திருத்துவீங்களா?" என்று கேட்காதீர்கள். "எங்கே வைத்துத் திறப்பீங்கள்?" என்று கேளுங்கள். "இங்கேயேதான்" என்று மேசையைக் காட்டினால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

பழைய கைவைத்தியங்கள் இரண்டு இன்னும் உலவுகின்றன. டிஸ்க்கை ஃபிரீஸரில் வைப்பது ஒன்று. கொழும்பின் ஈரக் காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் உள்ளும் புறமும் வியர்க்கும். தட்டில் ஒரு துளி நீர் போதும், கதை முடிந்துவிடும். மற்றது, அதே மொடல் டிஸ்க்கின் சர்க்கிட் போர்டை மாற்றிப் போடுவது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரொம் சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எங்கள் டிஸ்க் சத்தம் போடவில்லை. சுற்றியது, ஆனால் இடையிடையே மூச்சுப் பிடித்து நின்றது. இந்த வகைக்குத்தான் நம்பிக்கை அதிகம்.

படி 2: ஸ்மார்ட் கணக்கு

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு. அதைப் பார்க்க, லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) கொம்பியூட்டரை எழுப்புங்கள். விண்டோஸ் வேண்டாம், டிஸ்க்கைக் கண்டவுடனே எழுதத் தொடங்கிவிடும். லினக்ஸிலும் திரையில் தெரியும் டிஸ்க் படத்தைக் கிளிக் பண்ணாதீர்கள், அது மவுண்ட் ஆகிவிடும், அதாவது கோப்புகளைத் திறக்கும்படி இணைந்துவிடும். 'ஸ்மார்ட் கட்டுப்பாடு' கட்டளையில் சிறிய 'ஏ' தெரிவைக் கொடுத்து நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். 5ஆம் இலக்கம் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்தவே முடியாதவை. 199 டிஸ்க்கின் பழுதல்ல, பெரும்பாலும் வயரின் பழுது. அது மட்டும் கூடியிருந்து மற்ற மூன்றும் பூச்சியமாக இருந்தால், வயரை மாற்றிப் பாருங்கள். அப்படித் தப்பியவர்களும் உண்டு.

படி 3: இமேஜ்

இமேஜ் என்பது முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக எடுக்கும் கொப்பி. இதில் அவசரம் ஆகாது. க்னூ டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி வேண்டும். உபுண்டு, டெபியனில் அதன் பொதியின் பெயருக்கு முன்னால் இன்னொரு 'ஜி' இருக்கும். சாதாரண கொப்பி கட்டளை பழுதான இடத்தில் முட்டி மோதிக்கொண்டே நிற்கும். டிடிரெஸ்கியூ அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, பிறகு கடினமான இடங்களுக்குத் திரும்பி வரும். சாகப்போகிற டிஸ்க்குக்கு இந்த ஒழுங்குதான் உயிர்.

கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அடுத்தது நீங்கள் உருவாக்கும் இமேஜ் கோப்பு, மூன்றாவது மேப் கோப்பு. முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் வெறுமையை எடுத்துக் கணக்கின் மேல் எழுதுவீர்கள். என்டர் தட்டுமுன் டிஸ்க்கின் அளவையும் தொடர் இலக்கத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். எனக்கு வெட்கமில்லை, நான் இன்றும் வாசிக்கிறேன். மேப் கோப்பை விட்டுவிடாதீர்கள். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்ற கணக்கு முழுவதும் அதில்தான். கரண்ட் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல் சுற்றுக்கு சிறிய 'என்' தெரிவு: கடின இடங்களைச் சுரண்டாதே என்பது அதன் பொருள். அது முடிந்தபின் 'என்'னை எடுத்துவிட்டு சிறிய 'டி'யும் 'ஆர்' 3உம் கொடுத்தால், பழுதான இடங்களை மட்டும் மூன்று தரம் நேரடியாக முயலும். இமேஜை எழுதும் டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருக்கட்டும். அது ஃபாட் 32 முறையில் ஃபோர்மட் பண்ணியதாக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு இந்த வேலையைச் செய்யவேண்டாம், ஒரு பழுதில் பெட்டியே உறைந்து நிற்கும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். டிஸ்க்குக்கு மேலே ஒரு மேசைக் காற்றாடியைத் திருப்பி வையுங்கள்.

நல்ல டிஸ்க் என்றால் 1 டெராபைட் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். எங்களுடையது இரவு முழுக்க ஓடியது. விடியும்போது 21 மெகாபைட் எடுபடாமல் நின்றது. அன்று போயா என்ற பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. அந்த நாள் முழுவதையும் இரண்டாம் சுற்றுக்கு விட்டேன். கடைசியில் எடுபடாமல் போனது 3 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. முதலாளி அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தொலைபேசி எடுத்தார். வீதக் கணக்கைச் சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இதோடு பழைய டிஸ்க்கைக் கழற்றி, திகதி எழுதி ஒட்டி, லாச்சிக்குள் வையுங்கள். இமேஜை இன்னொரு கொப்பி எடுங்கள். மூலக் கொப்பியை யாரும் தொடக்கூடாது. இனி எல்லா வேலையும் கொப்பியின் கொப்பியில்.

படி 4: எந்தக் கோப்பு அடிபட்டது?

மூன்று மெகாபைட் போனது என்றால் எது போனது? யாரோ இறக்கிவைத்த பாட்டா, கடன் கணக்கா? இதற்கு டிடிரெஸ்கியூவில் 'ஃபில் மோட்' என்று ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. மேப் கோப்பைப் பார்த்து, எடுபடாத இடங்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் ஒரு சொல்லை இமேஜில் நிரப்பிவிடும். வேறெங்கும் வரமுடியாத ஒரு சொல்லைக் கொடுத்து, இதற்கென்றே எடுத்த மூன்றாவது கொப்பியில் நிரப்புங்கள். அதை ரீட் ஒன்லியாக மவுண்ட் பண்ணி, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று 'கிரெப்' கட்டளையால் தேடுங்கள். வரும் பட்டியல்தான் காயப்பட்டவர்களின் பட்டியல். வேலை முடிந்ததும் அந்தக் கொப்பியை அழித்துவிடலாம்.

எங்கள் பட்டியலில் விண்டோஸ் கோப்புகள் சில, யாரோ ஒருவரின் கலியாணப் படங்கள், கடைசியாக, ஒவ்வொரு பில்லிலும் விற்ற பொருட்களின் வரிசைகள் (விற்பனை வரிகள்) இருந்த ஐபிடி கோப்பு. டேட்டாபேஸின் ஓர் அட்டவணையின் தரவு இருக்கும் கோப்புதான் ஐபிடி. பில் தலைப்பு, வாடிக்கையாளர், கடன், சரக்கு இருப்பு எல்லாம் தப்பியிருந்தன. அந்தச் சேதியைச் சொன்ன பிறகுதான் முதலாளி அன்றைக்குச் சாப்பிட்டார்.

படி 5: டேட்டா கோப்புறையை முழுதாக எடுங்கள்

ஸாம்ப்புக்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் டேட்டா. அதில் உங்கள் டேட்டாபேஸின் பெயரிலுள்ள கோப்புறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவருவது வழக்கமான பிழை. ஐபிடேட்டா 1, ஐபி லொக்ஃபைல் 0, 1, ஏரியா லொக் கோப்புகள், மை டொட் ஐஎன்ஐ எல்லாமே வேண்டும். தரவைச் சேமித்துவைக்கும் எஞ்சினான இன்னோடிபி தன் அட்டவணைகளின் பதிவேட்டை ஐபிடேட்டா 1க்குள் வைத்திருக்கிறது. அது இல்லாமல் ஐபிடி கோப்பு மட்டும் இருந்தால், அட்டவணையின் பெயர் தெரியும், திறந்தால் 'எஞ்சினில் இல்லை' என்று 1932ஆம் இலக்கப் பிழை வரும்.

ஸாம்ப்பின் டேட்டா கோப்புறையைப் பெயர் மாற்றி, பக்கத்திலிருக்கும் பெக்கப் கோப்புறையை அதன் இடத்தில் வைத்து, பழைய டேட்டாபேஸையும் ஐபிடேட்டா 1ஐயும் அதற்குள் கொண்டுவரச் சொல்லும் குறுக்குவழியைப் பலரும் அறிந்திருப்பீர்கள். பழுது சேர்வரின் சொந்த அட்டவணைகளில் மட்டும் இருந்தால் அது பலிக்கும். ஐபிடேட்டா 1ஐக் கொண்டுவர மறந்தவர்களும், 'அழித்தால் புதிதாக வரும்' என்று அதையே அழித்தவர்களும்தான் கடைசியில் என்னிடம் வருகிறார்கள். மாற்றங்களைக் குறித்துவைக்கும் லொக் கோப்புகளையும் அழிக்காதீர்கள். கரண்ட் போகும் வேளையில் உறுதிசெய்யப்பட்ட கடைசி பில்கள் அட்டவணைக்குப் போய்ச் சேராமல் அந்த லொக்கில் மட்டும் இருக்கலாம்.

படி 6: சேர்வரை எழுப்புதல்

வேறொரு நல்ல கொம்பியூட்டரில், அதே பதிப்பு மரியாடிபி. 10.4 என்றால் 10.4தான், 'புதிசு நல்லது' என்று மேலே போகாதீர்கள். சேர்வரோடு தொடர்புகொள்ளும் வாசல் இலக்கமான போர்ட்டை 3307 ஆக்கிவிடுங்கள். பில் மென்பொருள் தெரியாத்தனமாக வந்து ஒட்டிக்கொள்ளாது. எழுப்புமுன் ஒவ்வொரு ஐபிடி கோப்பையும் 'இன்னோ செக்சம்' கருவியால் சோதியுங்கள். இன்னோடிபி தரவை 16 கிலோபைட் பக்கங்களாக வைக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. பக்கத்துக்குள் ஒரு செக்டர் போனாலும் எண் பொருந்தாது, முழுப் பக்கத்தையும் சேர்வர் மறுத்துவிடும். ஒரு விற்பனை வரி 150 பைட் அளவு என்றால், ஒரு பக்கத்தோடு போவது நூறு வரிக்குக் கிட்ட.

முதலில் எந்த மாற்றமும் இல்லாமல் எழுப்பிப் பாருங்கள். எழும்பாவிட்டால் அமைப்புக் கோப்பில் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரிக்கவரி' 1. பிறகு 2, பிறகு 3. ஒவ்வொரு படியாக ஏறுங்கள், தாவாதீர்கள். 1, பழுதான பக்கத்தைக் கண்டாலும் விழாமல் ஓடச் சொல்கிறது. 2 பின்னணித் துப்புரவு வேலைகளை நிறுத்தும். 3 முடிவுறாத பரிவர்த்தனைகளைத் திருப்பியெடுக்காமல் விடும். இதுவரைக்கும் பெரிய ஆபத்து இல்லை. 4இலிருந்து கோப்புகளுக்கே நிரந்தரச் சேதம் வரலாம், ஆகவே ஒவ்வொரு முறையும் புதுக் கொப்பி. 5இல் அரைகுறையாக நின்ற பரிவர்த்தனையும் முடிந்ததாகக் கணக்காகும்: பணம் வராத பில்லும் பில்லாக நிற்கும். 6 லொக்கையே பார்க்காது. எந்த எண்ணில் எழும்பினாலும் அந்தச் சேர்வரில் கடையை நடத்தப் போகிறீர்கள் என்று எண்ணவேண்டாம். அது எழும்புவது தரவை வெளியே எடுக்க மட்டும்.

எங்களுடையது 1இல் எழும்பியது.

படி 7: வெளியே எடுத்தல்

தரவை எழுத்துக் கோப்பாக வெளியே எடுப்பதுதான் டம்ப். முழு டேட்டாபேஸையும் ஒரே டம்ப்பாக எடுக்க முயன்றால், முதல் பழுதில் சேர்வர் விழும், மிச்சமும் கிடைக்காது. அட்டவணை அட்டவணையாக எடுங்கள். சிறியதும் முக்கியமானதும் முன்னால்: வாடிக்கையாளர், கடன் மீதி, சரக்கு, காசோலைப் பதிவு. காயப்பட்டது கடைசியில்.

விண்டோஸில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால், அது எழுத்துக் குறியாக்கத்தையே மாற்றிவிடும். தமிழ்ப் பெயர்களெல்லாம் சிதைந்துபோகும். டம்ப் கருவியின் 'ரிசல்ட் ஃபைல்' தெரிவில் கோப்பின் பெயரைக் கொடுங்கள், எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவையுங்கள்.

காயப்பட்ட அட்டவணைக்கு 'வேர்' ('எங்கே' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்) தெரிவோடு முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி இலக்கம்) வீச்சைக் கொடுத்துத் துண்டு துண்டாக எடுக்கவேண்டும். இலட்சம் இலட்சமாக எடுங்கள். ஒரு துண்டில் 'தொடர்பு அறுந்தது' என்று விழுந்தால் அதைப் பாதியாக்குங்கள். எந்தப் பாதியில் விழுகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். கீழிருந்து மேலேயும், மேலிருந்து கீழேயும் நெருங்கிக்கொண்டே வந்தால் ஓட்டையின் இரண்டு கரையும் தெரியும். எங்களுக்கு நான்கு ஓட்டைகள். அவற்றில் ஒன்று 412310இலிருந்து 412398வரை, 89 வரிகள். மொத்தத்தில் முந்நூற்றைம்பது வரிக்குக் கிட்ட. ஐந்து வருட வியாபாரத்தில் இது பெரிய சேதமில்லை. அடிபட்டது தேடலை விரைவாக்கும் இரண்டாம் நிலைச் சுட்டியின் பக்கம் மட்டும் என்றால் வரிகள் ஒன்றும் போகாது. டம்ப்பை ஏற்றும்போது சுட்டி தானாகப் புதிதாய் உருவாகும்.

அட்டவணையின் பக்கங்கள் மரம்போலக் கிளைத்து அடுக்கப்பட்டிருக்கும். அந்த மரத்தின் வேர்ப் பக்கமே போயிருந்தால் இந்த வழி சரிவராது. அப்போது 'அன்டுரொப் ஃபோர் இன்னோடிபி' போன்ற கருவி, மரத்தைப் பாராமல் கோப்பிலிருந்து பக்கங்களை உருவி, அட்டவணையின் அமைப்பைக் கொடுத்தால் வரிகளைப் பிரித்துத் தரும். அழிக்கப்பட்ட பழைய வரிகளும் சேர்ந்து வரலாம், பொறுக்கவேண்டியது உங்கள் பொறுமை. ஐபிடேட்டா 1 போய் ஐபிடி கோப்புகள் மட்டும் நலமாக இருந்தால், புதுச் சேர்வரில் அதே அமைப்பில் வெறும் அட்டவணை செய்து, அதன் டேபிள்ஸ்பேஸை (அதற்குரிய வெறும் ஐபிடி கோப்பை) நீக்கிவிட்டு, பழைய கோப்பை இட்டு இம்போர்ட் பண்ணலாம்.

எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் வைத்திருப்போருக்கு

மைக்ரோசொஃப்ட்டின் இந்த இலவச டேட்டாபேஸ் சேர்வரும் கொழும்புக் கடைகளில் நிறைய. இமேஜ் எடுக்கும்வரை வேலை ஒன்றேதான். 823, 824 இலக்கப் பிழைகள் வந்தால் பக்கம் பழுது என்று அர்த்தம். டேட்டாபேஸ் 'சஸ்பெக்ட்' என்று நின்றால் அதைச் சேர்வரிலிருந்து டிட்டாச் பண்ணி (கழற்றி) விடவேண்டாம், திரும்ப ஒட்டுவது பெரும்பாடு. எமர்ஜென்சி நிலையில் வைத்து, எடுக்கக்கூடிய அட்டவணைகளை முதலில் வெளியே எடுங்கள். 'செக் டிபி' கட்டளையின் திருத்தும் தெரிவு, பெயரிலேயே தரவு இழப்பை அனுமதி என்று சொல்கிறது. அது பழுதான பக்கங்களைக் கழற்றி எறிந்துதான் திருத்தும். கடைசி ஆயுதமாக வையுங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. ஆகவே 'ஒவ்வொரு நாளும் தானாக பெக்கப் ஆகுது' என்று யாராவது சொன்னால், விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

படி 8: வந்தது உண்மையா?

புதுச் சேர்வரில் டம்ப்பை ஏற்றியாயிற்று. மென்பொருளும் திறக்கிறது. இங்கேயே கைகழுவிவிட்டால் அடுத்த மாதம் கணக்காளர் கூப்பிடுவார்.

ஒவ்வொரு பில்லின் தலைப்பிலுள்ள மொத்தத்தையும் அதன் வரிகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். பொருந்தாதவைதான் வரி இழந்த பில்கள். அடுத்தது வற் (பெறுமதிசேர் வரி) சோதனை. நம் நாட்டில் வற் வீதம் 2022 ஜூன் 1இல் 8இலிருந்து 12 ஆனது, அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18. வற் பில்களில் திகதிக்கும் வீதத்துக்கும் பொருத்தம் பாருங்கள். 2023ஆம் ஆண்டுப் பில்லில் 18 வீதம் தெரிந்தால், திகதியோ தொகையோ சிதைந்திருக்கிறது. இத்தனை தரம் வற் வீதத்தை மாற்றியதில் எனக்குக் கிடைத்த ஒரே இலாபம் இதுதான்.

வாடிக்கையாளர் பெயர்களைப் பார்த்து ஒருமுறை எனக்கே நெஞ்சு அடைத்தது. பழைய பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நின்றன. பிறகுதான் விளங்கியது, பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள். எழுத்துருவைப் போட்டதும் எல்லாரும் தங்கள் பெயரில் வந்து நின்றார்கள். பழுது என்று எண்ணித் திருத்தப் போய்விடாதீர்கள்.

போன வரிகளைக் கடதாசியில்தான் தேடவேண்டும். அந்தக் கடையில் பில்லின் இரண்டாம் கொப்பியை மாதவாரியாக நூலால் கட்டி மேல்மாடியில் அடுக்கியிருந்தார்கள். பொருந்தாத பில் இலக்கங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேர் தேட, பொடியன் தட்ட, ஒன்றரை நாளில் ஓட்டைகள் அடைபட்டன. கடதாசிக் கட்டைப் பழஞ்சரக்கு என்று நானே முன்பு கேலி பண்ணியிருக்கிறேன், முதலாளி அதை மறக்கவில்லை.

கடையைத் திறக்குமுன் கடைசியாக ஒன்று. கரண்ட் போன வேளையில் அச்சாகி, வாடிக்கையாளரின் கைக்குப் போய், டேட்டாபேஸில் ஏறாமல் விட்ட பில்கள் இருக்கலாம். சேர்வர் தன்னிடமுள்ள பெரிய இலக்கத்துக்கு அடுத்ததிலிருந்து எண்ணத் தொடங்கினால், அதே இலக்கத்தில் இன்னொரு பில் பிறக்கும். கடைசியாக அச்சான பில்லின் இலக்கத்தைக் கடதாசியில் பாருங்கள். பில் அட்டவணையின் ஓட்டோ இன்கிரிமென்ட்டை (தானாக ஏறும் அடுத்த இலக்கத்தை) அதைவிட நூறு கூட்டி வைத்துவிட்டு, முதல் பில்லை நீங்களே நின்று போட்டுப் பாருங்கள்.